படித்துக் காட்டியதாக ஒரு கையெழுத்து

முத்தம்மா அந்த ஷோரூமுக்கு வந்ததே சுகிர்தா அங்கே வேலை செய்கிறாள் என்பதற்காகத்தான். கும்மிடிப்பூண்டியில் வண்டி விற்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. பைபாஸ் முனையில் இருந்த கடையில் இதைவிடக் குறைந்த முன்பணத்துக்கே மொபெட் தருவதாகச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கணவன் யேசுதாஸையும் இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்து, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, வரவேற்பில் நின்றவளிடம் "எங்கம்மா எங்க பொண்ணு? சுகிர்தா!" என்று கேட்டாள். கேட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

இருவருக்கும் ஒரே காலனி, ஒரே சர்ச். காலனியில் பெரும்பாலானவர்களின் அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். பிள்ளைகள் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு கம்பெனிகளுக்குள் போனவர்கள். அதில் சுகிர்தா பி.காம். படித்து, ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். வண்டி வாங்க வருகிறவர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்து தரும் மேஜை அவளுடையது. கடன் கொடுப்பது வேறொரு நிதி நிறுவனம். ஆனால் வாடிக்கையாளர் பார்ப்பது சுகிர்தாவின் முகத்தைத்தான்.

"பாப்பா, எனக்கு இங்கிலீஷு வராது. உங்க மாமாவுக்குத் தமிழே தடுமாறும். நீ பாத்து எங்க கையெழுத்து போடச் சொல்றியோ அங்க போடறோம்" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள் முத்தம்மா.

சிப்காட்டில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் விடுதிகளுக்குக் காலையில் நாஷ்டா கொண்டுபோய் விற்பதுதான் அவள் பிழைப்பு. இதுவரை இட்லிக் குண்டானையும் சாம்பார் வாளியையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். சொந்தமாக வண்டி இருந்தால் இன்னும் இரண்டு விடுதிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். யேசுதாஸ் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஒப்பந்தக் கூலி.

அன்றைக்கு மாதக் கடைசி சனிக்கிழமை. கடனோடு கூட இன்சூரன்ஸ், ஹெல்த் கார்டு, வண்டி நடுவழியில் நின்றால் வந்து உதவும் திட்டம் என்று சிலவற்றைச் சேர்த்து விற்க வேண்டும். அதற்குக் கடையில் 'அட்டாச்' என்று பெயர். சுகிர்தாவுக்கு அந்த மாதம் அட்டாச் குறைந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒவ்வொருவரிடமும் விவரம் சொல்லி, வேண்டுமா என்று கேட்டுத்தான் சேர்த்தாள். கேட்டால் யார் வேண்டும் என்பார்கள்? மேலாளர் சரவணன் கடையின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரை மட்டும் சிவப்பில் போட்டு, 'இவருக்கு வேலை தேவையில்லை போலிருக்கிறது' என்று எழுதினார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "கேக்காத சுகிர்தா. லோனோட இதுவும் வரும்ன்ற மாதிரி போய்க்கினே இரு. ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னது சரியாக இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

கடன் யேசுதாஸின் பெயரில். அவர் போனுக்கு ஓடிபி வந்தது. அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். முத்தம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைபோல் ராகம் போட்டு எண்களைப் படித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

"இன்னொரு நம்பர் வரும்க்கா. அதையும் சொல்லுங்க."

படித்தாள். மறுபடி ஒன்று வந்தது. அதையும் படித்தாள். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு திட்டத்துக்கான சம்மதம் என்று அவளுக்குத் தெரியாது. யேசுதாஸ்தான் கேட்டார். "இன்னாத்துக்கும்மா இத்தினி வாட்டி நம்பரு?"

"லோனுக்குப் பாதுகாப்பு மாமா. நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா கம்பெனியே பாத்துக்கும். நீங்க கட்ட வேணாம்."

அந்த வாக்கியம் எந்தத் தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்கென்று தனியாகப் பணம் பிடிப்பார்கள், அந்தப் பணமும் கடனில் ஏறி அதற்கும் வட்டி ஓடும், வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. இதில் எதையும் அவள் சொல்லவில்லை. 'ஏதாச்சும்' என்றால் எது எது என்று அவளே படித்ததில்லை.

"பாத்தியா? அந்தக் கடையில இதெல்லாம் சொன்னானா? நம்ம பொண்ணுன்றதால சொல்லுது" என்று முத்தம்மா கணவனிடம் சொன்னாள். புறப்படும்போது சுகிர்தாவின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுக்கொண்டாள். அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் சரவணன் சுகிர்தாவின் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கைதட்டல் படங்கள் போட்டார்.

*

மழைக்காலம் தொடங்கிய சமயம் ஆலையில் யேசுதாஸின் கை போனது. பழுக்கக் காய்ந்த கம்பியைக் கிடுக்கியால் பிடித்து உருளைக்குள் கொடுக்கிற வேலை. கிடுக்கி சிக்கிக்கொண்டது. விட்டுவிட வேண்டியதுதான், அந்த நொடியில் அவருக்கு விடத் தோன்றவில்லை. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஒப்பந்தக்காரர் அவருக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடே கட்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

காலனியே போய்ப் பார்த்தது. சுகிர்தாவும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். கட்டிலருகே நின்றபோது முத்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வண்டி லோனைப் பத்தி மட்டும் நான் கவலைப்படல பாப்பா. அன்னிக்கே நீ சொல்லிட்ட. மத்ததுதான் பேஜாரா கீது."

சுகிர்தா ஆரஞ்சுப் பழங்களைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். கடைக்குத் திரும்பியதும் அந்த இன்சூரன்ஸின் நிபந்தனைகளைக் கணினியில் திறந்து, முதல்முறையாகப் படித்தாள்.

இரண்டு வாரம் கழித்து முத்தம்மா ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். சுகிர்தா அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, அந்த இன்சூரன்ஸு... ஆள் இறந்துட்டா குடுப்பாங்க. இல்லேன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கணும். இல்ல ரெண்டு கையும். ஒரு கையும் ஒரு காலும் போனாலும் குடுப்பாங்க. மாமாவுக்கு ஒரு கையில விரல்தானே..."

முத்தம்மா சண்டை போடவில்லை. ஒரு விலையை விசாரிப்பது போலக் கேட்டாள். "ரெண்டு கையும் போயிருந்தா குடுத்திருப்பாங்களா?"

"ஆமாக்கா."

"ஓ" என்றாள். பிறகு தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "நீ கொஞ்சம் மேல பேசிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சுகிர்தா மேலே யாரிடமும் பேசவில்லை. பேசினால் நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று முதல் கேள்வி தன்னிடம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாவும் வருகிற இரண்டாம் ஆராதனைக்குப் போகும் வழக்கத்தை மாற்றி, விடிகாலை ஆராதனைக்குப் போக ஆரம்பித்தாள். கணவன் ஸ்டீவன் காரணம் கேட்டபோது, வெயில் தாளவில்லை என்றாள். மார்கழி மாதத்தில் என்ன வெயில் என்று அவன் சிரித்தான்.

தவணை நின்றது. வசூல் ஆட்கள் ஒரு காலையில் விடுதி வாசலில் வைத்தே முத்தம்மாவின் வண்டியைப் பிடித்தார்கள். இட்லிக் குண்டானை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதைச் சுகிர்தா யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. பிடித்த வண்டிகளை நிறுத்துவது அவள் கடையின் பின்பக்க முற்றத்தில்தான். மதியம் கைகழுவப் போனவள், வரிசையின் கடைசியில் அந்த மொபெட்டைப் பார்த்தாள். குண்டான் ஆடாமல் இருக்கப் பின்னால் கட்டியிருந்த பழைய சேலைத்துணி அப்படியே இருந்தது. அதில் சாம்பார் கறை. சுகிர்தா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

*

முத்தம்மா பேசாமல் இருந்துவிடுவாள் என்றுதான் கடையில் எல்லோரும் நினைத்தார்கள். சுகிர்தாவும் அப்படித்தான் நினைத்தாள், உள்ளுக்குள் அதையே வேண்டிக்கொண்டாள் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் விடுதி வார்டன் ஒருவர் திருவள்ளூரில் அருணா என்கிற வக்கீலின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டார். கேட்காத திட்டங்களைத் தலையில் கட்டினார்கள், பொய் சொல்லி நம்ப வைத்தார்கள், எழுத்தில் எதுவும் சொல்லாமல் வண்டியைப் பறித்தார்கள் என்று. எதிர்மனுதாரர்கள் நிதி நிறுவனமும் ஷோரூமும்.

நோட்டீஸ் வந்த மறுநாள் சரவணன் சுகிர்தாவை அறைக்கு அழைத்தார். தானே டீ வரவழைத்துக் கொடுத்தார். கம்பெனி வக்கீல் தயாரித்த பிரமாணப் பத்திரம் மேஜைமேல் இருந்தது. எல்லாத் திட்டங்களின் விவரங்களையும் கட்டணங்களையும் நிபந்தனைகளையும் வாடிக்கையாளருக்குத் தமிழில் படித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டு மனமொப்பிச் சம்மதித்த பிறகே பதிவு செய்தேன் என்று சுகிர்தா சத்தியம் செய்வதாக அதில் எழுதியிருந்தது.

"சார், நான் படிச்சுக் காட்டலியே."

"நான் மட்டும் பதினஞ்சு வருஷமா எவனுக்காச்சும் படிச்சுக் காட்டியிருக்கேனா?" என்றார் சரவணன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஓடிபி அவங்கதான் சொன்னாங்க. அது ரெக்கார்டுல கீது. அவ்ளோதான் கேஸு. நீ போடலேன்னா, தப்பு உன்னோடதுன்னு கம்பெனி கைகழுவிடும். அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சுக்கோ."

ஸ்டீவன் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் அந்த மாதம்தான் ஆட்குறைப்பு நடந்து, அவன் பெயரும் அதில் இருந்தது. வீட்டில் சுகிர்தாவின் சம்பளம் ஒன்றுதான். டீ ஆறி ஏடு படிந்தது. அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு, இது ஒன்றும் புதிதல்ல, தினமும் மற்றவர்களைப் போட வைத்ததைத்தான் இன்று நான் போட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

*

அதற்குப் பிறகு முத்தம்மா தன்னைத் தெருவில் பார்த்தால் என்ன செய்வாள் என்று சுகிர்தா பலவிதமாக நினைத்துப் பார்த்திருந்தாள். திட்டுவாள். மண்ணை வாரித் தூற்றுவாள். சர்ச்சில் எல்லோர் முன்னாலும் கேட்பாள். அதற்கெல்லாம் பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள் அக்கா, என்னால் என்ன செய்ய முடியும்?

நடந்தது வேறு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சுகிர்தா மாடிப்படியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது முத்தம்மா வீட்டுக்கே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கையில் ஒரு பையில் நாலைந்து முருங்கைக்காய்.

"உள்ள வரல. இங்கியே சொல்லிட்டுப் போயிடறேன்" என்று படியிலேயே உட்கார்ந்தாள். "வக்கீலம்மா நீ எழுதிக் குடுத்ததப் படிச்சுச் சொன்னாங்க. நீ எல்லாத்தியும் தமிழ்ல படிச்சுக் காட்டினேன்னு எழுதியிருக்கியாம்."

சுகிர்தா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எம்மாம் யோசிச்சும் அது ஞாபகத்துக்கு வரல பாப்பா. ஆனா நீ பொய் எழுதுற பொண்ணு இல்ல. சின்னதுலேருந்து பாக்கறேன். அப்ப நீ படிச்சுத்தான் இருப்ப. நான்தான் வண்டி வாங்கப் போற சந்தோஷத்துல காதுல வாங்காம பல்லை இளிச்சிக்கினு இருந்திருக்கேன். அவரும் அதைத்தான் சொல்றாரு. 'அந்தப் பொண்ணு படிச்சப்ப நீ எங்கடி பராக்கு பாத்துக்கினு இருந்த? உன்ன நம்பி வந்தேன் பாரு'ன்னு கைய ஆட்டிக்கினே இருக்காரு. கட்டுப் போட்ட கைய." முத்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உன் பேரையும் கோர்ட்டுக்கு இஸ்துட்டேன். மனசு கேக்கல. தப்பா எடுத்துக்காத. கேஸை வாபஸ் வாங்கிடலாம்னு இருக்கேன். இதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள். சுகிர்தாவுக்கு அது புரியச் சிறிது நேரமாயிற்று. பணத்தை எடுத்துக்கொண்டார்கள், வண்டியை எடுத்துக்கொண்டார்கள். இப்போது தன் கையெழுத்து இவளுடைய ஞாபகத்தையே எடுத்துக்கொண்டது. தன் காதால் கேட்காததைக் கேட்டதாக இவளே நம்பிவிட்டாள். ஒரு பொய் இப்படி வேலை செய்யும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அக்கா, நான் படிச்சுக் காட்டல."

முத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எதையுமே படிச்சுக் காட்டல. வேணாம்னு சொல்லலாம்னுகூட உங்களுக்குச் சொல்லல. ஏதாச்சும் ஒண்ணுன்னா கம்பெனி பாத்துக்கும்னு சொன்னேன்ல, அதை நானே படிச்சுப் பாக்காம சொன்னேன். உங்க ஞாபகம் சரிக்கா. நான்தான் பொய் எழுதிக் குடுத்தேன்."

சொல்லி முடித்ததும் முத்தம்மா அவளை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முத்தம்மாவோ மெல்ல, "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். "ராவெல்லாம் தூங்காம, எனக்குப் புத்தி பெசகிப் போச்சோன்னு அழுதுக்கினு இருந்தேன்டி."

அதுவரை பாப்பா என்று கூப்பிட்டவள் வாயிலிருந்து 'டி' வந்தது. சுகிர்தா அதை வாங்கிக்கொண்டாள்.

முத்தம்மா எழுந்தாள். முருங்கைக்காய்ப் பையையும் எடுத்துக்கொண்டாள். "கோர்ட்டுல சொல்றது அப்புறம். இப்ப எங்கூட வா. எங்க ஊட்டுக்காரர்கிட்ட வந்து இதச் சொல்லு. அவரு என்னத் திட்டினதுக்கெல்லாம் பதில் சொல்லு."

சுகிர்தா துணியைப் படியிலேயே வைத்துவிட்டு அவள் பின்னால் போனாள். யேசுதாஸ் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். சுகிர்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் அவர் மனைவியைப் பார்த்தார். முத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"போம்மா" என்றார் யேசுதாஸ். "உன்ன இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. போ."

*

திங்கட்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, சுகிர்தா திருவள்ளூருக்குப் பஸ் ஏறினாள். பெரியபாளையம் வரும்வரை வழியெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாம் என்றே இருந்தது. வக்கீல் அருணாவின் அலுவலகம் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. அருணா அவளை உட்காரச் சொல்லவில்லை.

"முதல்ல குடுத்தது பொய்னு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்க. பொய்ப் பிரமாணம் குத்தம். ஆணையம் உங்கமேல நடவடிக்கை எடுக்கச் சொல்லலாம். வேலை கண்டிப்பா போகும். ஊட்ல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"சொல்லிட்டு வாங்க. நாளைக்கு மனசு மாறி மூணாவதா ஒண்ணு எழுதிக் குடுத்தா, அந்தம்மாவுக்குத்தான் நஷ்டம்."

ஸ்டீவனிடம் சொல்வது எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அவன் கத்தினான். "ஊர்ல எல்லாக் கடையிலயும் நடக்கறதுதானே? உனக்கு மட்டும் இன்னா? எனக்கு வேலை இல்லாதப்பதான் உனக்கு நேர்மை வரணுமா?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. "முத்தம்மாக்கா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து, எதிரே உட்கார்ந்து, "என்னிக்குப் போணும்னு சொல்லு, நானும் வரேன்" என்றான்.

புதிய பிரமாணப் பத்திரத்தைக் கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தார். ஒரே காலனிக்காரர்கள், பேசி வைத்துக்கொண்டு மாற்றிச் சொல்கிறார்கள் என்றார். அதனால் ஆணையத்தின் தலைவர் அவளை நேரில் வரச் சொன்னார். பெரிய சினிமா கோர்ட் இல்லை. ஒரு சாதாரண ஹால், மின்விசிறிகள், சுவரோரம் கட்டுக் கட்டாகக் கோப்புகள். முத்தம்மாவும் யேசுதாஸும் பின் வரிசையில் இருந்தார்கள். சரவணன் வாசலருகே போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எது உண்மை, முதல்ல சொன்னதா, இப்பச் சொல்றதா?" என்று தலைவர் கேட்டார்.

"இப்பச் சொல்றது சார்."

"முதல்ல ஏன் அப்படிக் கையெழுத்து போட்டீங்க?"

"வேலை போயிடும்னு பயந்தேன் சார்."

"யாராவது மிரட்டினாங்களா?"

சுகிர்தா வாசல் பக்கம் பார்த்தாள். சரவணன் போனிலிருந்து கண்ணை எடுத்திருந்தார். "போடலேன்னா கம்பெனி கைகழுவிடும்னு சொன்னாங்க. ஆனா பேனாவ எடுத்தது நான்தான் சார்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "ஓடிபி ஒவ்வொன்றும் மனுதாரர் குடும்பமே வாய்விட்டுச் சொன்னதுதானே? நீங்கள் அவர்கள் போனைத் தொட்டீர்களா?"

"தொடல சார். அவங்கதான் சொன்னாங்க. அது எதுக்குன்னு நான் சொல்லல."

"போனிலேயே இங்கிலீஷில் எழுதியிருக்குமே?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

அறையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. தலைவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் கேட்டார். "இவங்களுக்கு மட்டும்தானா, வர்றவங்க எல்லாருக்குமா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. முத்தம்மாவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் வந்திருந்தாள். மேஜைக்கு எதிரே உட்கார்ந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெயிண்ட் கம்பெனி லோடுமேன், கல்யாணத்துக்கு வண்டி வாங்கிய பையனின் அப்பா, மாமரக் குத்தகைக்காரர், அங்கன்வாடி ஆயா ஒருத்தி. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்திருந்தார்கள்.

"எல்லாருக்கும் அப்படித்தாங்க மேடம்" என்றாள்.

*

தீர்ப்பு வரச் சில மாதம் ஆனது. வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொல்லாமல் சேர்த்த திட்டங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வட்டியோடு கொடுக்க வேண்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் தர வேண்டும், இனி எந்தத் திட்டத்தையும் வாடிக்கையாளரின் மொழியில் தனித்தாளில் எழுதி, வேண்டும் வேண்டாம் என்று அவர்களே குறிக்க விட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. சுகிர்தாவின் முதல் பிரமாணப் பத்திரத்தைப் பற்றிக் கடுமையாகவே நாலு வரி எழுதியிருந்தார்கள். தானாக வந்து உண்மையைச் சொன்னதால் அவள்மேல் வழக்குத் தொடரச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த நாலு வரியை அருணா போனில் படித்துக் காட்டியபோது சுகிர்தா முழுக்கக் கேட்டாள். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாலும் வண்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

சுகிர்தா ஆணையத்தில் சாட்சி சொன்ன வாரமே வேலை போயிருந்தது. சுகிர்தா இப்போது கவரைப்பேட்டையில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறாள். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஸ்டீவனுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவன் அந்த விஷயத்தைப் பற்றி நல்லதாகவும் பேசுவதில்லை, கெட்டதாகவும் பேசுவதில்லை.

முத்தம்மா மறுபடி விடுதிகளுக்குப் போகிறாள். யேசுதாஸ் பின்னால் உட்கார்ந்து, இடது கையால் குண்டானைப் பிடித்துக்கொள்கிறார். சர்ச்சில் பார்த்தால் முத்தம்மா தலையசைப்பாள். நின்று பேச மாட்டாள். பாப்பா என்று அதற்குப் பிறகு ஒருமுறையும் கூப்பிடவில்லை. சுகிர்தாவும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் ஆராதனைக்குத்தான் போகிறாள்.

தீர்ப்புச் செய்தி பரவியபின் சுகிர்தாவின் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "எனக்கும் இதுபோலச் சேத்துட்டியாமே?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். சிலர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போவார்கள். சிலர் போனை நீட்டுவார்கள். அவள் அவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வாள். எதற்குப் பிடிக்கிறார்கள், எதை நிறுத்தச் சொல்லலாம், யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்வாள். எழுதியும் கொடுப்பாள். காசு வாங்குவதில்லை. வாங்குவாளா என்று யாரும் கேட்டதும் இல்லை.

போன வாரம் அங்கன்வாடி ஆயா பூவம்மாள் வந்தாள். மகனுக்காக வாங்கிய வண்டி. கடன் முழுக்கக் கட்டி முடித்தாகிவிட்டது. சுகிர்தா கணக்கைப் பார்த்தாள். ஹெல்த் கார்டு, உதவித் திட்டம், இன்சூரன்ஸ் என்று எல்லாமே பிடித்திருந்தார்கள். ஒன்றைக்கூட அந்தக் குடும்பம் பயன்படுத்தியதில்லை. இருக்கிறதென்றே தெரியாது. ரத்து செய்யும் காலம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. மனுப் போடலாம் என்றால், அதற்குச் சட்டம் கொடுத்த இரண்டு வருஷமும் தாண்டிவிட்டது.

"தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்டுப் பாக்கலாம்மா. ஏத்துப்பாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது. அநேகமா கிடைக்காது" என்றாள். கிடைக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

பூவம்மாள் போனை மூடி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இப்ப இவ்ளோ வெவரமா சொல்றியேம்மா. இத அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேணாம்னு இருந்திருப்பேனே?"

"ஆமாம்மா. இருந்திருப்பீங்க" என்றாள் சுகிர்தா.

பூவம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தாமதத்துக்கான காரணத்தை எழுதுவதற்குச் சுகிர்தா ஒரு தாளை எடுத்தாள். விற்றவர் சொல்லாததால் மனுதாரருக்குத் தெரியாமல் போயிற்று என்று தொடங்கி, விற்றவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள்.